ரெண்டு வயசுப் பிள்ளைக்கு வீட்லயே இன்சுலின் ஊசி போடுறது எப்படி

சின்னப் பிள்ளைக்கு டைப் 1 சுகர்னு (உடம்புல இன்சுலின் சுரக்கறது நின்னு போற வகை) ஆயிருச்சுன்னா வெளிய இருந்து இன்சுலின் குடுக்கறது ஒன்னுதான் வழி, மாத்திரைல முடியாது, பத்தியத்துலயும் முடியாது. பெரும்பாலும் ஒரு நாளைக்கு நாலு ஊசி வரும், மூணு வேளை சாப்பாட்டுக்கு ஒன்னொன்னு, அது போக நாள் முழுக்க மெல்ல வேலை செய்யுற ஊசி ஒன்னு. இதைப் போட நர்ஸம்மா தினமும் வீட்டுக்கு வரப் போறதில்ல, நாமதான் போடணும். எங்க வீட்டுச் சின்னவளுக்கு நான்தான் போடுறேன். காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கம் இருக்கவுகளுக்கு உபயோகமா இருக்கும்னு எழுதுறேன், ஏன்னா ஆஸ்பத்திரில குடுக்குற நோட்டீஸ்ல நம்ம வெயிலைப் பத்தியும் இல்ல, கரண்ட் கட்டைப் பத்தியும் இல்ல, வீட்டுக்கு வர்றவுக எல்லாம் பிள்ளை கைல ஒரு சீயத்தைக் குடுத்துட்டுப் போறதைப் பத்தியும் இல்ல.

முதல்லயே ஒன்னு, எத்தனை யூனிட், எந்த மருந்து, எத்தனை மணிக்குங்கறது எல்லாம் உங்க டாக்டர் சொல்றது மட்டும்தான், என்கிட்டயோ வேற யார்கிட்டயோ கேட்டு மாத்தாதீங்க. நான் சொல்றது கையாளுற விதம். அதையும் ஆஸ்பத்திரில இருந்து வர்றதுக்கு முன்னாடி நர்ஸ் பக்கத்துல நிக்க நீங்களே உங்க கையால பிள்ளைக்குப் போட்டுட்டு வாங்க, அவுக போட்டதைப் பார்த்துட்டு வந்தா வீட்ல கை நடுங்கும். நீங்க மட்டும் இல்ல, வீட்ல இன்னொருத்தரும் கத்துக்கிட்டு வரணும், உங்களுக்குக் காய்ச்சல்னா யார் போடுறது?

பிள்ளைக ஊசிக்குப் பயப்படுறதை விட ஊசியைச் சுத்தி நடக்குற ஆர்ப்பாட்டத்துக்குத்தான் அதிகமா பயப்படுதுக. அம்மா முகம் மாறுது, அப்பத்தா "அய்யோ என் தங்கம்"னு கண்ணைத் துடைக்குறாக, அப்பா டிவியை நிறுத்துறாக, நாலு பேர் சுத்தி வந்து கையைக் காலைப் பிடிக்குறாக, இத்தனையும் பார்த்துட்டு எந்தப் பிள்ளைதான் கத்தாது? 4 மில்லிமீட்டர் நீளம்தான் அந்த ஊசி, ரொம்ப மெல்லிசு. அதனால ஏற்பாடு எல்லாத்தையும் பிள்ளை கண்ணுல படாம முடிச்சுட்டு, பிள்ளைகிட்ட வர்றது கடைசி அரை நிமிஷம் மட்டும்தான்னு வச்சுக்கங்க. மருந்து எடுக்குறது, சரி பார்க்குறது எல்லாம் அடுப்படிலயோ ரெண்டாங்கட்டுலயோ நடக்கட்டும், பிள்ளை வளவுல (வீட்டு நடு முற்றத்துல) விளையாடிக்கிட்டு இருக்கட்டும்.

அதோட வீட்ல எல்லாருக்கும் ஒரு சட்டம் போடணும். நம்ம ஊர்ல பிள்ளை சாப்பிடலேன்னா, தூங்கலேன்னா, வெளிய ஓடுனா உடனே வர்ற வார்த்தை "இரு, டாக்டர்ட்ட சொல்லி ஊசி போடச் சொல்றேன்". சுகர் இருக்குற பிள்ளை இருக்குற வீட்ல இந்த வார்த்தை வரவே கூடாது. பக்கத்து வீட்டு ஆச்சி, கடைக்காரர், அங்கன்வாடி ஆயாம்மா எல்லார்கிட்டயும் வெக்கப்படாம சொல்லி வைங்க. தப்பு செஞ்சா ஊசின்னு ஒரு பக்கம் சொல்லிட்டு, இன்னொரு பக்கம் தினமும் நாலு தடவை ஊசி போட்டா, நான் என்ன தப்பு செஞ்சேன்னுதான் அது யோசிக்கும். அதே மாதிரி "வலிக்கவே வலிக்காது"ன்னும் சொல்லாதீங்க. வலிக்கும், லேசா. "சுருக்குன்னு இருக்கும், பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சுரும்"னு சொல்லுங்க, சொன்ன மாதிரியே பத்துல முடிங்க.

சில பேர் தூங்குறப்ப போட்டுரலாம்னு சொல்லுவாக. ராத்திரி ஊசிக்கு அது சுலபமாத் தெரியும், எனக்கு அதுல சம்மதம் இல்ல. தூங்குனா ஏதோ நடக்குதுன்னு பிள்ளைக்குப் புரிஞ்சுருச்சுன்னா அப்புறம் தூங்கவே பயப்படும், ஊசிப் பிரச்சினை போய் தூக்கப் பிரச்சினை வந்துரும்.

இப்ப மருந்து. இன்சுலின் ரெண்டு விதமா வரும், பாட்டில் (வயல்னு சொல்லுவாக), இல்லேன்னா பேனாவுல போடுற கார்ட்ரிட்ஜ். பாட்டில் வாங்குறவுக இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனசுல ஆணி அடிச்ச மாதிரி வச்சுக்கங்க. நம்ம நாட்டுல பாட்டில் மருந்து 40 யூனிட் பலத்துலயும் வருது, 100 யூனிட் பலத்துலயும் வருது, அதாவது ஒரு மில்லிக்கு 40, ஒரு மில்லிக்கு 100. சிரிஞ்சும் அதே மாதிரி ரெண்டு, யு-40 சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, யு-100 சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. மருந்தும் சிரிஞ்சும் மாறிப் போச்சுன்னா ஆபத்து. 100 மருந்தை சிவப்பு மூடி சிரிஞ்சுல 10 கோடு வரைக்கும் இழுத்தா உள்ள இருக்குறது 10 இல்ல, 25 யூனிட். 40 மருந்தை ஆரஞ்சு மூடில 10 கோடு இழுத்தா வெறும் 4 யூனிட்தான். பெரியவுகளுக்கே இது பெரிய வித்தியாசம், ஒன்னு ரெண்டு யூனிட் போடுற பிள்ளைக்குக் கேக்கவே வேணாம். மெடிக்கல் ஷாப்ல "இன்சுலின் சிரிஞ்ச் ஒன்னு"ன்னு கேட்டா கைல கிடைச்சதை எடுத்துக் குடுத்துருவாக, பாட்டிலைக் கையோட கொண்டு போய் 40-ஆ 100-ஆன்னு காட்டி வாங்குங்க, வீட்டுக்கு வந்ததும் இன்னொரு தடவை பாருங்க, கடைல மாத்திட்டாக, வழக்கமான கம்பெனி இல்லன்னு வேற குடுத்தாக, அப்படி எது நடந்தாலும் முதல்ல பார்க்க வேண்டியது இந்த நம்பரைத்தான்.

முடிஞ்சா பேனா கேளுங்க. பேனாவுல வர்ற கார்ட்ரிட்ஜ் 100 பலம், பேனாவே யூனிட் கணக்கை வச்சிருக்கும், திருகினா போதும், சிரிஞ்ச் கோட்டைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்குற வேலை இல்ல. அதுல அரை யூனிட் திருகுற பேனா தனியா இருக்கு, சின்னப் பிள்ளைகளுக்கு அதுதான் சரி, ஏன்னா ஒன்னுக்கும் ஒன்றரைக்கும் நடுவுல பிள்ளையோட சுகர் நல்லாவே ஆடும். எல்லாக் கடைலயும் இருக்காது, டாக்டர்கிட்ட "அரை யூனிட் பேனா எழுதிக் குடுங்க"ன்னு கேட்டு, கடைல சொல்லி வச்சு வாங்கணும்.

மருந்து எடுக்குற இடத்தைப் பத்தி ஒன்னு சொல்லணும். நம்ம பழைய வீடுகள்ல உள் அறை எல்லாம் பகல்லயே இருட்டா இருக்கும், அங்க உக்காந்து சிரிஞ்ச் கோடு பார்க்காதீங்க, வளவு வெளிச்சத்துக்கு வாங்க, ராத்திரின்னா டியூப்லைட்டுக்கு நேர் கீழ, கரண்ட் போனா எடுக்க ஒரு டார்ச் பக்கத்துலயே. அப்புறம் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்துல வெள்ளைத் துணி விரிச்சு அதுக்குள்ள வச்சே எல்லா வேலையும் செய்யுங்க. பேனா ஊசிக்கு வெளி மூடி ஒன்னு, உள்ள ஒரு குட்டி மூடி ஒன்னு இருக்கும், அந்தக் குட்டி மூடி அரிசி கணக்கா சின்னது, ஆத்தங்குடிக் கல்லு பதிச்ச தரைல விழுந்துச்சுன்னா பூ டிசைனுக்குள்ள எங்க போச்சுன்னே தெரியாது, நம்ம தேடிக்கிட்டு இருப்போம், தவழ்ந்து வர்ற தம்பிப் பாப்பா கண்டுபிடிச்சு வாயில வச்சிருக்கும். ஊசியே விழுந்தா இன்னும் மோசம். தாம்பாளத்துல விளிம்பு இருக்கறதால எதுவும் உருண்டு ஓடாது.

கை ரெண்டையும் சோப்பு போட்டுக் கழுவிட்டு, முதல்ல சுகர் பாருங்க. 70-க்குக் கீழ இருந்தா ஊசியைத் தொடாதீங்க, முதல்ல அதைச் சரி பண்ணணும், அதைக் கீழ சொல்றேன். சரியா இருந்தா மருந்தைப் பாருங்க, பேர், பலம், காலாவதித் தேதி. தண்ணி மாதிரி தெளிவா இருக்க வேண்டிய மருந்து கலங்கலாவோ திரியாவோ இருந்தா போடாதீங்க. பால் மாதிரி வெள்ளையா இருக்குற மருந்துன்னா அது அப்படித்தான், அதை ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல வச்சு மெதுவா உருட்டி, தலைகீழா சாய்ச்சுச் சாய்ச்சு ஒரே மாதிரி ஆகுற வரைக்கும் கலக்கணும், டானிக் பாட்டில் மாதிரி குலுக்கக் கூடாது.

பேனான்னா புது ஊசியைத் திருகிட்டு, ஊசி மேல பார்த்த மாதிரி பிடிச்சு ஒன்னு ரெண்டு யூனிட் காத்துல விடணும், நுனில ஒரு சொட்டு வரணும். வரலேன்னா திரும்ப விடுங்க. "மருந்து வீணாகுதே"ன்னு வீட்ல யாராவது சொல்லுவாக, அந்தச் சொட்டைப் பார்க்காம போட்டா பிள்ளைக்கு மருந்துக்குப் பதிலா காத்துதான் போகும். சிரிஞ்சுன்னா எத்தனை யூனிட் மருந்து வேணுமோ அத்தனை யூனிட் காத்தை முதல்ல பாட்டிலுக்குள்ள விட்டுட்டு, பாட்டிலைக் கவுத்து மருந்தை இழுங்க. குமிழி இருந்தா விரலால தட்டி மேல கொண்டு வந்து வெளிய தள்ளிட்டு மறுபடியும் சரியான கோட்டுக்கு இழுங்க. தோலுக்கு அடில ஒரு சின்னக் குமிழி போனா ஆபத்து ஒன்னும் இல்ல, நிறைய பேர் அதுக்குத்தான் பயப்படுறாக. பிரச்சினை அளவுதான். யு-40 சிரிஞ்சுல ஒரு யூனிட்ங்கறது ஒரு மில்லில நாப்பதுல ஒரு பங்கு, ஒரு குமிழி அதுல பாதியைத் தின்னுரும்.

கடைசியா எடுத்த அளவை இன்னொருத்தர்கிட்ட காட்டி வாய் விட்டுச் சொல்லுங்க, "ஒன்றரை, சாப்பாட்டு ஊசி, சரியா?" சாப்பாட்டு ஊசிக்கும் நாள் ஊசிக்கும் பேனா கலர் வேற வேறயா இருந்தாலும் அசதில மாறும். ஒரு பேனாவுல சிவப்பு ரப்பர் பேண்ட் சுத்தி வைங்க, கையில பட்டதுமே தெரியும். கிளார்ஜின்னு சொல்ற நாள் ஊசி மருந்தை வேற இன்சுலினோட ஒரே சிரிஞ்சுல கலக்கவே கூடாது.

எங்க போடுறது? தொடையோட முன்பக்க வெளிப்பக்கம், புட்டத்தோட மேல் வெளிப்பக்கம், வயிறு, மேல் கையோட பின்பக்கம். வயித்துல தொப்புளைச் சுத்தி ரெண்டு விரல் இடம் விட்டுருங்க. ஒல்லிப் பிள்ளைன்னா புட்டமும் தொடையும்தான் வசதி, கைல சதை பத்தாது. வயித்துல போட்டா சீக்கிரம் ஏறும், தொடை புட்டத்துல மெதுவா ஏறும், அதனால எந்த வேளைக்கு எந்த இடம்னு டாக்டர்கிட்ட கேட்டு அப்படியே வச்சுக்கிட்டு, அந்த இடத்துக்குள்ளயே ஒரு விரல் அகலம் தள்ளித் தள்ளிப் போடுங்க. ஒரே இடத்துல போட்டா வலி கம்மியா இருக்குன்னு பிள்ளையே அந்த இடத்தைக் காட்டும், நமக்கும் அதுதான் சுலபம், ஆனா அங்க தோலுக்கு அடில கொழுப்பு கட்டியா திரண்டுரும், அப்புறம் அதுல போடுற மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது, சுகர் ஏன் இப்படி ஆடுதுன்னு மண்டையைப் பிச்சுக்கணும். வாரம் ஒரு தடவை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டுறப்ப விரலால தடவிப் பாருங்க, கட்டி தட்டுப்பட்டா அந்த இடத்துக்கு லீவு விட்டுட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. இதைக் கண்ணால பார்க்குறதை விட எண்ணெய்க் கைல தடவுனாத்தான் நல்லாத் தெரியும். ஊசி போட்ட கையோட வெந்நீர்ல குளிப்பாட்டாதீங்க, சூட்டுல மருந்து வேகமா ஏறிடும்.

இப்ப பிள்ளைகிட்ட வரலாம். பேனாவைக் கைக்குள்ள மறைச்சுக்கிட்டு திருடன் மாதிரி பின்னாடி வர்றது வேணாம், சாதாரணமா வந்து உக்காருங்க. "ஊசி போடலாமா?"ன்னு கேக்காதீங்க, "வேணாம்"னு சொல்லும், அப்புறம் என்ன செய்வீங்க? "வலது காலா இடது காலா?"ன்னு கேளுங்க, "அப்பா மடியா அம்மா மடியா?"ன்னு கேளுங்க. ஊசி உண்டுங்கறது முடிவான விஷயம், எங்கங்கறது அதோட விருப்பம். ரெண்டு வயசுப் பிள்ளைக்கு இந்த ஒரு சின்ன அதிகாரம் எவ்வளவு பெருசுன்னு போகப் போகத் தெரியும்.

ஒருத்தர் மடில பிள்ளையை நெஞ்சோட அணைச்சு உக்கார வச்சுக்கங்க, அதோட கால் ரெண்டும் மடில இருக்கவுக இடுப்பைச் சுத்தி இருக்கட்டும், ஒரு கை முதுகுல, ஒரு கை முழங்காலுக்கு மேல லேசா. இப்படி உக்காந்தா தொடையும் கிடைக்கும், புட்டமும் கிடைக்கும், பிள்ளைக்கு கட்டிப் பிடிச்சிருக்க மாதிரி இருக்கும், அமுக்கி வச்சிருக்க மாதிரி இருக்காது. தனியாப் போடணும்னா உங்க ரெண்டு தொடைக்கு நடுவுல அதோட கால் ஒன்னை இடுக்கிக்கங்க.

தோல் சுத்தமா இருந்தா போதும், அழுக்கா இருந்தா சோப்புத் தண்ணி. ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா அது காயுற வரைக்கும் பொறுங்க, ஈரத்தோட குத்துனா எரியும், அந்த எரிச்சலைத்தான் பிள்ளை ஊசி வலின்னு நினைச்சுக்கும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் வச்சு தோலை மெதுவா தூக்கிப் பிடிங்க. அஞ்சு விரலாலயும் அள்ளிப் பிடிச்சா அடில இருக்குற தசையும் சேர்ந்து வரும், தசைல போச்சுன்னா மருந்து சட்டுன்னு ஏறி சுகர் கீழ விழும். 4 மில்லிமீட்டர் பேனா ஊசின்னா தூக்குன தோல்ல நேரா, சிரிஞ்சுல வர்ற 6, 8 மில்லிமீட்டர் ஊசின்னா 45 டிகிரி சாய்ச்சு. தயங்கித் தயங்கி உள்ள விட்டாத்தான் வலிக்கும், ஒரே மூச்சுல போகணும். பட்டனை மெதுவா கடைசி வரைக்கும் அமுக்கி, அமுக்குன விரலை எடுக்காம பத்து எண்ணுங்க. இந்தப் பத்து பேனாவுக்கு ரொம்ப முக்கியம், முன்னாடியே எடுத்தா மருந்து நுனில சொட்டிக்கிட்டு வெளிய வந்துரும். இந்தப் பத்தைப் பிள்ளையை எண்ண விடுங்க, எங்க வீட்டுச் சின்னவ ஆறுக்கு அப்புறம் நேரா ஒம்பதுக்குப் போயிருவா, அதனால நான் மனசுக்குள்ள தனியா எண்ணுறேன். பத்து ஆனதும் உள்ள விட்ட சாய்வுலயே வெளிய எடுத்து, அதுக்கப்புறம்தான் தோலை விடணும். தேய்க்க வேணாம். துளி ரத்தம் வந்தா பஞ்சை வச்சு அழுத்துனா போதும்.

முடிஞ்சதும் உடனே வேற வேலைக்குப் போயிருங்க. ஒவ்வொரு ஊசிக்கும் மிட்டாய், பொம்மைன்னு பழக்காதீங்க, ஒரு நாளைக்கு நாலு லஞ்சம் யாராலயும் குடுக்க முடியாது. எங்க வீட்ல மரப்பாச்சி ஒன்னு இருக்கு, ஊசி கழட்டுன பழைய சிரிஞ்சை அவ கைல குடுத்தோம், தனக்குப் போட்டதும் போய் மரப்பாச்சிக்குப் போடுவா, "சுருக், முடிஞ்சுச்சு"ன்னு அதுக்கு ஆறுதலும் சொல்லுவா, செப்புச் சாமானோட சேர்த்து அந்த சிரிஞ்சும் இப்ப அவ சொத்து.

பாதில காலை உதறி ஊசி வெளிய வந்துருச்சா, போட்ட இடத்துல சொட்டு வந்துச்சா, அப்ப எவ்வளவு உள்ள போச்சுன்னு நமக்குத் தெரியாது. குத்துமதிப்பா இன்னொரு யூனிட் போட்டுறாதீங்க. நோட்டுல எழுதி வச்சுட்டு டாக்டருக்குப் போன் பண்ணுங்க, ரெண்டு மணி நேரம் கழிச்சு சுகர் பாருங்க. கூடுன சுகரை அப்புறமா இறக்கிக்கலாம், ரெண்டு தடவை போன மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது.

வெயிலுக்கு வருவோம். திறக்காத இன்சுலின் ஃபிரிட்ஜ்ல 2-ல இருந்து 8 டிகிரிக்குள்ள இருக்கணும், நடுத் தட்டுல ஒரு டப்பாக்குள்ள வைங்க. பழைய ஒத்தைக் கதவு ஃபிரிட்ஜ்ல ஐஸ் அறைக்குப் பக்கத்துல, பின் சுவரை ஒட்டி வச்சா உறைஞ்சுரும். ஒரு தடவை உறைஞ்ச இன்சுலின் திரும்ப உருகி பார்க்க நல்லா இருந்தாலும் அது குப்பைதான். திறந்த மருந்து பெரும்பாலும் 4 வாரம், 30 டிகிரிக்கு மேல போகாம. சித்திரை வைகாசில நம்ம பக்கம் 38, 40 போகுது, அதனால அலமாரில வைக்குற கதையே இல்ல, திறந்த பாட்டிலும் ஃபிரிட்ஜ்லதான். ஆனா ஜில்லுன்னு போட்டா வலிக்கும், அரை மணி நேரம் முன்னாடி வெளிய எடுத்து வைங்க. திறந்த தேதியை பாட்டில் மேலயே பேனாவால எழுதிருங்க.

கரண்ட் நாள் முழுக்க இல்லேன்னா மண்பானைதான் கை கொடுக்கும். பெரிய பானைல ஈர மணல், அதுக்குள்ள சின்னப் பானை, மருந்தை பிளாஸ்டிக் டப்பால போட்டு உள்ள வச்சு ஈரத்துணியால மூடி, நிழலா காத்து வர்ற இடத்துல வைங்க, மணலை ஈரமாவே வச்சிருங்க. ஃபிரிட்ஜ் குளிர்ச்சி வராது, ஆனா வெளி வெயிலுக்கு நல்லாவே குறையும். பல்லவன் ரயில்ல மெட்ராஸ் போறப்ப மருந்து கைப்பைலதான் இருக்கணும், அகலவாய் பிளாஸ்க்ல ஐஸ் பேக்கைத் துணியில சுத்தி, அது மருந்துல நேரா படாம வைங்க. நிறுத்துன கார்ல மட்டும் விட்டுட்டுப் போகாதீங்க, பிள்ளையார்பட்டில சாமி கும்பிட்டுத் திரும்புற நேரத்துக்குள்ள வெந்துரும்.

சாப்பாட்டு ஊசி நேரம் மருந்தைப் பொறுத்தது. லிஸ்ப்ரோ, அஸ்பார்ட் மாதிரி வேகமானதுன்னா சாப்பாட்டுக்குப் பத்துப் பதினஞ்சு நிமிஷம் முன்னாடி, பழைய ரெகுலர் இன்சுலின்னா அரை மணி முன்னாடி. ஆனா ரெண்டு வயசு, ஊசி போட்டதுக்கப்புறம் தட்டைத் தள்ளிவிட்டா? இட்லி ரெண்டு தின்னும்னு போட்ட மருந்துக்கு அரை இட்லிதான் உள்ள போச்சுன்னா சுகர் இறங்கும். இப்படி அடம் பண்ற பிள்ளைக்கு பாதி முன்னாடி பாதி பின்னாடி, இல்ல சாப்பிட்ட கையோடன்னு டாக்டரே மாத்திக் குடுப்பாக, அதனால சாப்பாட்டுப் பிரச்சினையை மறைக்காம அவுககிட்ட சொல்லுங்க. விசேஷ வீடுதான் பெரிய தலைவலி. வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கும்மாயம், ஆளாளுக்கு ஒரு வாய் ஊட்டுவாக. "இனிப்பே குடுக்காதீங்க"ன்னு சொன்னா "பச்சப் பிள்ளை வாயைக் கட்டலாமா"ன்னு சண்டைக்கு வருவாக, அதுக்குப் பதிலா "குடுங்க அத்தை, குடுக்குறதுக்கு முன்னாடி என்கிட்ட காட்டுங்க"ன்னு சொல்லிப் பாருங்க, கேப்பாக. பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்து வாயில போடுற மாவு உருண்டைலயும் அரிசி மாவும் வெல்லமும் இருக்கு, சின்னதுதான், ஆனாலும் கணக்குல சேருங்க.

சுகர் இறங்குறதைத் தெரிஞ்சு வைக்காம ஊசி போடக் கத்துக்கிட்டு பிரயோசனம் இல்ல. பெரியவுக தலை சுத்துதுன்னு சொல்லுவாக, இதுகளுக்குச் சொல்லத் தெரியாது. திடீர்னு வெளிறிப் போகும், பின் கழுத்து வேர்க்கும், கை நடுங்கும், காரணமே இல்லாம கத்தும், இல்லேன்னா விளையாட்டுக்கு நடுவுல சும்மா உக்காந்து வெறிக்கும். சந்தேகம்னா விரல்ல குத்திப் பாருங்க, பார்க்க முடியலேன்னா குறைஞ்சிருக்குன்னே வச்சுக்கிட்டு குளுக்கோஸ் குடுங்க. கிலோவுக்கு 0.3 கிராம்னு ஒரு கணக்கு இருக்கு, 10 கிலோ பிள்ளைக்கு 3 கிராம், ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கம்மி, உங்க பிள்ளைக்கு எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேட்டு ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டி வைங்க. தண்ணில கலக்கிக் குடுத்து 15 நிமிஷத்துல திரும்பப் பாருங்க. சாக்லேட் வேணாம், அதுல இருக்குற கொழுப்பு சக்கரையை மெதுவாக்கும். மயங்கிருச்சு, வலிப்பு வெட்டு வருதுன்னா வாயில எதையும் ஊத்தாதீங்க, புரை ஏறிடும். ஒருக்களிச்சுப் படுக்க வச்சு 108 கூப்பிடுங்க, சுகரை ஏத்துற குளுக்ககான் ஊசி எழுதிக் குடுத்திருந்தா அதைப் போடுங்க.

கடைசில எல்லார் வீட்லயும் வர்ற ஒன்னு. "சிறுகுறிஞ்சான் பொடி குடுங்க, ஆவாரம்பூ குடுங்க, என் மச்சினர் ஊசியையே விட்டுட்டாக"ன்னு யாராவது ஒருத்தர் திண்ணைல உக்காந்து சொல்லுவாக. மச்சினருக்கு இருக்குறது டைப் 2, அவுக உடம்புல இன்சுலின் கொஞ்சமாவது சுரக்குது. உங்க பிள்ளைக்கு சுரக்கறது நின்னு போச்சு, அதுக்கு எந்தப் பொடியும் பதில் இல்ல. 1922 ஜனவரில டொராண்டோவுல லியோனார்ட் தாம்ப்சன்னு ஒரு பையனுக்கு முதல் இன்சுலின் போடுற வரைக்கும் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டு நாளைத் தள்ளுனதுதான் வைத்தியம், பிழைச்சது இல்ல. காய்ச்சல், வாந்தி, சாப்பிடலேன்னாலும் ஊசியை அடியோட நிறுத்தக் கூடாது, அளவு மாத்தணுமான்னு டாக்டர்கிட்ட உடனே கேளுங்க. வாந்தி நிக்காம மூச்சு இழுத்து இழுத்து விட்டு, வாயில பழ வாடை அடிச்சா காலைல பார்த்துக்கலாம்னு இருக்காம ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.

இன்சுலின் இல்லாம வேற ஊசி வீட்ல போடுறவுகளுக்கும் ஒரு வார்த்தை. வளர்ச்சி ஹார்மோன் ஊசி போடுறவுகளுக்கும் பிடிக்குற முறை, இடம் மாத்துறது, பிள்ளையைப் பழக்குறது எல்லாம் கிட்டத்தட்ட இதேதான். ரத்தம் கட்டாம இருக்கப் போடுற ஊசின்னா போட்ட இடத்தைத் தேய்க்கவே கூடாது, நீலம் கட்டும். ஹீமோஃபீலியாவுக்கு (ரத்தம் சரியா உறையாத நோய்) போடுற ஃபேக்டர் மருந்து ரத்த நரம்புல போறது, அதுக்கு இந்த முறை பொருந்தாது, அது தனிப் பயிற்சி.

ஊசி ஒன்னை ஒரு தடவைதான், ரெண்டாவது தடவை முனை மழுங்கி வலி கூடும். பேனாவுல ஊசியை மாட்டியே வைக்காதீங்க, காத்து உள்ள போகும், மருந்து கசியும். போட்டு முடிச்ச ஊசியைக் கையால வளைக்காம நேரா ஒரு கெட்டியான பிளாஸ்டிக் டப்பால போடுங்க, மூடி திருகுற ஹார்லிக்ஸ் டப்பா மாதிரி, தண்ணி பாட்டில் வேணாம், குத்தி வெளிய வந்துரும். டப்பாவைப் பிள்ளைக்கு எட்டாத பரண் ஓரத்துல வைங்க. முக்கால்வாசி நிறைஞ்சதும் மூடி டேப் சுத்தி "ஊசி"ன்னு பெருசா எழுதி, அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அங்க வாங்கிக்குவாகளான்னு கேட்டுக் குடுங்க, இல்லேன்னா குப்பை வாங்க வர்ற அம்மா கைல தனியா, இதுல ஊசி இருக்குன்னு சொல்லிக் குடுங்க, மத்த குப்பையோட கலந்து போட்டா அவுக கைலதான் குத்தும்.